புது மீன்கள் மட்டும்

கண்டியில் கடல் இல்லை. ஆனாலும் அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கூடத்தில், நாலடி நீளமான ஒரு கண்ணாடித் தொட்டிக்குள், ஆறு வருடங்கள் கடல் இருந்தது. அதன் தண்ணீர் நீர்கொழும்பிலிருந்து வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்களில் லொறியேறி வரும். வழியிலுள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கான்களைத் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு சிப்பாய் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, மலை நாட்டுக்கு உப்புத் தண்ணீர் எதற்கு என்று கேட்டு, லொறியை ஒரு மணித்தியாலம் மறித்து வைத்திருந்தானாம். கேள்வி நியாயமானதுதான். எங்களுக்கே அதற்குச் சரியான பதில் தெரியாது.

தொட்டி என் கணவருடையது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த அவருடைய சிங்கள நண்பர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. என் கணவர் ஓர் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்தவர். நகரத்தில் குண்டு வெடித்த ஒரு மாதத்தில், தமிழ் ஆண்களைப் பொலிசார் விசாரணைக்கென்று வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போனபோது அவரையும் ஏற்றினார்கள். பத்தொன்பது நாட்களின் பின் விட்டார்கள். உடம்பில் காயம் இல்லை. ஆனால் வந்தவர் வேலையை விட்டார். அதன்பின் வெளிப் படலையைத் தாண்டவில்லை. நான் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் படலையைச் சாத்திவிட்டுப் போகும்போது அவர் தொட்டியின் முன் கதிரையில் இருப்பார். பின்னேரம் நான் திறந்துகொண்டு வரும்போதும் அங்கேயே இருப்பார். உப்பின் அடர்த்தி, தண்ணீரின் சூடு, விளக்கு எரிந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். தன் வாழ்க்கையில் அளந்து சரிபார்க்கக்கூடியதாக மிஞ்சியது அது ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்திருந்தது. அதனால் நான் எதுவும் சொல்வதில்லை.

வீட்டின் மூன்றாவது ஆள் என் மச்சாள், கணவரின் மூத்த அக்கா. கண்புரை எடுக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்தவர். வீட்டில் இருப்போரின் பட்டியலைப் பொலிசில் கொடுத்து, ஒரு பிரதியை முன்கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கவேண்டிய காலம் அது. மச்சாளின் பெயரைச் சேர்த்தபோது, எவ்வளவு காலம் தங்குவார் என்ற இடத்தில் ‘இரண்டு வாரம்’ என்று எழுதினேன். அடுத்த மாதமே வடக்குப் பாதை மூடப்பட்டது. ‘இரண்டு வாரம்’ என்பதை வெட்டி மூன்று மாதம் என்றும், அதை வெட்டி ஆறு மாதம் என்றும் எழுதி, கடைசியில் அந்த இடத்தில் எழுத்தை விட வெட்டுத்தான் அதிகமாக இருந்தது.

மச்சாள் கடுமையான சைவம். தாயில்லாத என் கணவரைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவர். என் கணவருக்கும் எனக்கும் கூட மாமிச வாடை ஆகாது. உயிரோடு நீந்துகிற மீனை வீட்டில் வைப்பதில் எங்களுக்குப் பாவம் ஏதும் தெரியவில்லை. செத்த மீனோ இறாலோ வாசற்படி தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே எங்கள் மீன்களும் சைவமாயின. அவித்து அரைத்த பசளிக்கீரையும், கடையில் விற்கும் காய்ந்த செதில் தீனியும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இப்படி ஒரு கடலை வேறு எந்த வீட்டிலும் கட்டியிருக்க மாட்டார்கள்.

தொட்டியில் பழைய மீன்கள் நாலு: செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன்கள் மூன்று, கறுப்பில் ஒன்று. அவை நன்றாகவே இருந்தன. ஆனால் புதிதாக விடுகிற எதுவும் நிலைக்கவில்லை. முதலில் ஒரு மஞ்சள் மீன். விட்ட இரண்டாம் நாள் காணவில்லை. பிறகு ஒரு சோடி நீல மீன்கள். மூன்று நாட்களுக்குள் இரண்டும் இல்லை. அடுத்தது ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், உள்ளங்கை அகலம், அதுவும் போயிற்று. செத்து மிதந்திருந்தால் கவலையோடு முடிந்திருக்கும். மிதக்கவில்லை. முள் இல்லை, செதில் இல்லை. கண்ணாடி மூடியின் மேல் என்னுடைய இரண்டு தடித்த அகராதிகள் பாரமாக வைக்கப்பட்டிருந்தன. துள்ளி வெளியே விழவும் வழியில்லை.

காரணமே இல்லாமல் ஆட்கள் காணாமற்போய்க்கொண்டிருந்த நாட்டில் இருந்துகொண்டு, ஒரு மீன் காணாமற்போனதற்குக் காரணம் கண்டே தீருவேன் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார். ஆய்வுகூடத்து முறைப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார். பூனை இல்லை. மூடி அசையவில்லை. பழைய மீன்களின் வாய் சிறியது. நான் பகலில் பாடசாலையில். தான் எடுக்கவில்லை என்பது தனக்குத் தெரியும். கழித்துக் கழித்து வந்ததில் மிஞ்சியது அக்கா.

அதற்குத் தோதாகச் சில விஷயங்கள் இருந்தன. தொட்டி சாமியறைக்கு அடுத்த சுவரோடு இருந்தது; விளக்கேற்றும்போது உப்பு வாடை வருகிறதென்று மச்சாள் இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தார். கூடத்துச் சீமெந்துத் தரையில் சில காலைகளில் ஈரச் சொட்டுகள் கிடந்தன. அவை அவர் குளித்த தலையோடு சாமியறைக்குப் போன வழி என்பதை யாரும் பார்த்தாலே சொல்லலாம். என் கணவர் அவற்றையும் கொப்பியில் எழுதினார்.

ஒரு சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது மச்சாள் தானாகவே ஒரு பேச்சை எடுத்தார்.

“தம்பி, உந்தத் தொட்டிக்குள்ளை ஆரோ நகத்தாலை சுண்டுற மாதிரி ஒரு சத்தம் கேக்குது. டிக், டிக் எண்டு. மெசினிலை ஏதும் பழுதோ?”

ஒரு கண் ஒப்பரேஷன் ஆகி, மற்றது மங்கலாக இருந்த நிலையில், அவருக்குக் காது கூர்மையாகியிருந்தது. என் கணவர் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நீங்கள் ஏன் அக்கா தொட்டியடியிலை நிண்டனீங்கள்?”

“சாமியறைக்கு அதாலை தானேயடா போகவேணும்? பறந்தே போறது?”

“எடுத்து எங்கை போட்டனீங்கள்?”

“என்னத்தை?”

“மீனை.”

மச்சாள் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்து, “பிள்ளை, உம்மடை மனுசன் கேக்கிறதைக் கேட்டனீரோ?” என்றார். நான் சிரிக்கவில்லை என்பது அவருக்கு அந்த மங்கலிலும் தெரிந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்ல மாறியது.

“உங்களுக்கு அது இந்த வீட்டிலை இருக்கிறது பிடிக்கேல்லை. நேரே சொல்லியிருக்கலாம்,” என்றார் என் கணவர். அவர் குரலை உயர்த்தவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனவர்களும் முதலில் இப்படித்தான் மரியாதையாகக் கேட்டார்கள் என்று பின்னொரு நாள் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். பேசினால் அவர் இன்னும் உள்ளுக்குள் சுருண்டுவிடுவார் என்ற பயத்தில், தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அந்தப் பயம் எனக்குப் பழக்கமாகியிருந்தது. அதை நான் பொறுமை என்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் மச்சாள் அலுமாரிக்கு மேலிருந்த தன் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். நகரத்தில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபரின் குடும்பம் அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறது. அவர்களோடு போகப் போவதாகச் சொன்னார். போவது என்றால் வவுனியாவரை பஸ். அங்கே பாஸ் எடுக்க நாட்கணக்கில் காத்திருப்பு. பிறகு இரண்டு படைகளுக்கும் நடுவிலுள்ள சூனியப் பிரதேசத்தைக் கால்நடையாகக் கடந்து, கடைசியில் கடலேரியை வள்ளத்தில் தாண்டவேண்டும். கடற்படை சுடும் பாதை அது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவர்களே திரும்பி வராத வழி.

“மச்சாள், டொக்ரர் மற்றக் கண்ணையும் பாக்கவேணுமெண்டு சொன்னவரெல்லே?”

“கள்ளிக்கு ரெண்டு கண் என்னத்துக்கு, பிள்ளை?”

மச்சாள் சேலைகளை மடித்து வைத்தார். எனக்கு ஆறு நாட்கள் இருந்தன. அந்த ஆறு நாட்களில், மீன்கள் எங்கே போயின என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். என் கணவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் நம்புவது கண்ணால் கண்டதை மட்டும்.

நான் தொட்டியைச் சரியாகப் பார்க்கத் தொடங்கியது மறுநாள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். அதுவரை நான் பார்த்ததெல்லாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் கணவரை. மற்ற நாட்களில் பாடசாலையால் வந்து, தேத்தண்ணியோடு தரையில் உட்கார்ந்து, விளக்கு அணையும்வரை பார்ப்பேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒன்று உறைத்தது: பழைய மீன்கள் நாலும் தண்ணீர் கொட்டும் குழாயடியில், மேல் மூலையிலேயே வசித்தன. தொட்டியின் நடுவில் மூன்று பெரிய பாறைத் துண்டுகள், ஓட்டையும் பொந்துமாக அழகாக இருந்தன. அவற்றின் அருகே அந்த நாலில் ஒன்றும் இறங்கவில்லை. தீனி அங்கே விழுந்தால், விழுந்ததை விட்டுவிடும்.

மூன்றாம் நாள் முழங்காலில் குனிந்து பாறையின் அடியைப் பார்த்தேன். பாசியைத் தின்பதற்கென்று விட்ட நத்தைகளின் ஓடுகள் ஒரு பொந்தின் வாசலில் குவிந்து கிடந்தன. வெறும் ஓடுகள் அல்ல, உடைந்த ஓடுகள். பாக்குவெட்டியில் அகப்பட்டவை போல. நத்தை தானாகச் செத்தால் ஓடு உடையாது. அப்போதுதான் மச்சாள் சொன்ன ‘டிக், டிக்’ ஞாபகம் வந்தது. அவரைக் குற்றவாளியாக்கிய அந்தப் பேச்சு உண்மையாக இருக்கலாம் என்று நாங்கள் இருவரும் ஒரு கணமும் எண்ணவில்லை.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும், தொட்டி மீன் வாங்குகிற கடைக்குப் போனேன். மார்க்கட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய கடை. முதலாளி திகனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற முஸ்லிம் மனிதர். என் கணவரைக் கண்டதில்லை, ஆனால் மீன் கேட்டு அவர் எழுதித் தரும் துண்டுகளை வாசித்து வாசித்து அவர்மேல் ஒரு மரியாதை வைத்திருந்தார்.

“வாங்க டீச்சர். சேர் இன்னும் மீன் கேக்குறாரா? நான் அனுப்புற மீனெல்லாம் எங்க போகுது? கொழம்பு வைக்கிறீங்களோன்னு எனக்கே சந்தேகம் வந்திரிச்சி.”

நான் நத்தை ஓடுகளை மேசையில் வைத்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“சத்தம் கேக்குதா?”

“கேக்குதெண்டு மச்சாள் சொல்லுறா. சுண்டுற மாதிரி.”

“அல்லாஹ்வே! அந்தக் கல்லு மூணும் எப்ப எடுத்தீங்க? பெருநாளைக்கு முந்தித்தானே? அப்ப அது கல்லோட வந்த விருந்தாளி டீச்சர். இறால் சாதிதான். கும்பிடுபூச்சி மாதிரி முன்னங்கைய மடிச்சிக்கிட்டு, தொழுற மாதிரி இருக்கும். அடிச்சா நத்தை ஓடும் தூளாப் போகும்.”

“அப்ப ஏன் புதுசை மட்டும் பிடிக்குது?”

“புதுசா வாற மீன் பயத்துல ஒளிய இடம் தேடும். நல்ல பொந்து ஒண்டு காலியா ஈக்குதேன்னு சந்தோசமா போகும். அது ஏன் காலியா ஈக்குன்னு பழசுகளுக்குத்தான் தெரியும்.”

பிடிக்கும் வழியையும் அவரே சொன்னார். ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, புனல் போல உள்பக்கமாகத் திருப்பிச் செருகி, உள்ளே ஒரு துண்டு பச்சை இறாலைக் கட்டி, பொந்துக்கு முன்னால் படுக்க வைக்க வேண்டும். உள்ளே போகும், வெளியே வரத் தெரியாது.

“எங்கடை வீட்டிலை இறால் எடுக்கிறதில்லை. நாங்கள் சைவம்.”

“டீச்சர், நீங்க சைவம். அது சைவமில்லையே! மாசக் கணக்கா கீரை போட்டா, அது வேற என்னத்த சாப்பிடும்? உங்கட மீனத்தான் சாப்பிடும்.”

அவரே மார்க்கட்டு மீன் கடைக்காரரிடம் ஓர் இறாலை வாங்கி, இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றித் தந்தார். அதை எட்டாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்பிட்டிய ஏற்றத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையைத் திறந்த பெண் பொலிஸ் மூக்கைச் சுழித்துவிட்டு, பையை அவிழ்த்துப் பார்த்து, “ஒன்றுதானா?” என்று சிங்களத்தில் கேட்டாள். ஒன்றுதான் என்றேன். “பாவம்,” என்று சொல்லி, கட்டிக் கையில் தந்தாள். எங்கள் வீட்டு நிலைமையை அவள் எப்படி விளங்கிக்கொண்டாளோ தெரியாது.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடுகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளங்கிக்கொண்டார் என்பது அவருடைய விரல்களில் தெரிந்தது. ஆனால் பையைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“இறால் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. நீர் அதை வெளியிலை எறியும்.”

“ஒரு துண்டு. ஒரு நாளைக்கு.”

“அக்கா இருக்கிற வீடு இது.”

அக்காவை வெளியே தள்ளிவிட்டு, அக்காவின் ஆசாரத்தைக் காவல் காத்து நின்றார். போத்தலில் எதுவும் அகப்பட்டால், அக்காவுக்கு அவர் என்ன செய்துவிட்டார் என்பதும் அதனோடு வெளியே வரும். நான் அன்று வாய் திறந்தேன். “இன்னும் ரெண்டு நாளிலை வெள்ளிக்கிழமை. அவ வள்ளத்திலை செத்துப்போனா, இந்தக் கொப்பியிலை என்னெண்டு எழுதுவியள்?”

அவர் பதில் சொல்லுமுன், அறை வாசலில் மச்சாள் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையை நீட்டினார்.

“தாரும் பிள்ளை.”

“நான் கட்டுறன் மச்சாள், நீங்கள் தொடவேண்டாம்.”

“கள்ளி எண்டு பேர் வாங்கினது நானா, நீரா?”

அறுபத்தாறு வயதுவரை மாமிசத்தைத் தொட்டறியாத கை அது. பையைப் பிரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமிக்குப் பூக்கட்டும் நூலை எடுத்து, தடவித் தடவி அந்த இறாலைக் கட்டினார். அதன் ஓடு விரலில் பட்டபோதும் கட்டுவதை நிறுத்தவில்லை. நான் வெட்டி வைத்திருந்த போத்தலுக்குள் அதை வைத்து, தம்பியின் பக்கம் நீட்டினார்.

“இனி நீ இறக்கு. நான் உன்ரை தொட்டிக்குள்ளை கை வைக்கமாட்டன்.”

பிறகு கிணற்றடிக்குப் போய், அந்தக் குளிரில் தலைக்கு வார்த்தார். வாளி இறங்கி ஏறும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

மறுநாள் பின்னேரம்வரை போத்தல் வெறுமையாகக் கிடந்தது. மச்சாளின் பெட்டி கயிறு கட்டப்பட்டு முன்கதவடியில் இருந்தது. ஆறரை மணிக்கு வழக்கமான மின்வெட்டு வந்தது. குப்பி விளக்கைத் தேட ஒருவரும் எழவில்லை. மூவரும் கூடத்தில் ஆளுக்கொரு கதிரையில் இருந்தோம். மழைக்கு முந்திய இருட்டு. அப்போது கேட்டது: டிக். சிறிது நேரம் கழித்து, டிக், டிக், டிக். கண்ணாடியில் அல்ல, பிளாஸ்ரிக்கில் படும் மந்தமான சத்தம்.

“கேக்குதோ தம்பி?” என்றார் மச்சாள்.

“ஓம் அக்கா.”

மின்சாரம் வரும்வரை ஒருவரும் அசையவில்லை. வந்ததும் என் கணவர் முழங்காலில் இருந்தார். போத்தலுக்குள் அது இருந்தது. விரல் நீளம், பாசிப் பச்சை, காம்பில் நிற்கும் இரண்டு கண்களும் வெவ்வேறு பக்கமாகச் சுழன்றன. முன்னங்கைகளைக் கும்பிடுவது போல மடித்துக்கொண்டு, நுழைந்த வழியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முட்டிக்கொண்டிருந்தது. நான் அதை வெறுக்க நினைத்தேன். முடியவில்லை.

“நாலு அங்குலம் வரும்,” என்றார் என் கணவர். பிறகு, “நிறம் வித்தியாசம்,” என்றார். மச்சாள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் திரும்பவில்லை.

“தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். நான் எடுத்திருந்தா எங்கை கொண்டுபோய்ப் போட்டிருப்பன் எண்டு நினைச்சனீ?”

“வாழையடியிலை.”

“பின் வளவிலையோ?”

“ஓம். நீங்கள் படுத்தாப்போலை ரெண்டு நாள் கிண்டிப் பாத்தனான்.”

எனக்கும் அது அன்றுதான் தெரியும். அவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தார். தோள்கள் குலுங்கின. “அவங்களும் எங்கடை வளவை இப்படித்தான் கிண்டினவங்கள், அக்கா,” என்றார். அவரை ஏற்றிய நாளில் வளவைக் கிண்டியதை நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவள். அதுபற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தரம்.

மச்சாள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அவருடைய தலையில் கையை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, தபாலதிபர் வீட்டுக்கு விடியப் போய்ச் சொல்லும், நான் வரேல்லை எண்டு,” என்றார்.

அதைக் கொல்ல எங்களால் முடியாது. கொண்டுபோய் விடக் கடலும் இல்லை. திகனை முதலாளி ஒரு வாளியோடு வந்து எடுத்துப் போனார். அடுத்த மாதம் விட்ட மஞ்சள் மீன் அந்தப் பொந்திலேயே குடியிருந்தது.

மச்சாள் மேலும் நாலரை வருடங்கள் எங்களோடு இருந்தார். மற்றக் கண்ணுக்கும் ஒப்பரேஷன் நடந்தது. தம்பியும் அக்காவும் பழையபடி தாயம் ஆடினார்கள், சண்டை பிடித்தார்கள், ஒரே வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு எடுத்தார்கள். பார்க்கிறவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைப்பார்கள். ஆனால் சாமியறைக்குப் போகும்போது மச்சாள் கூடத்தால் போவதை விட்டுவிட்டு, மழையிலும் பின் விறாந்தையால் சுற்றிப் போனார். அப்படியும் எப்போதாவது கூடத்துக்கு வந்து, தொட்டியில் ஒரு மீன் மல்லாந்து கிடப்பதைக் கண்டால், இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று கூப்பிடுவார்.

“தம்பி, ஒருக்கால் வந்து பார். ஒண்டு செத்துக் கிடக்குது. நான் தொடேல்லை.”

என் கணவர் செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஒவ்வொரு தரமும் எழுந்து போவார்.